சி.ஐ.டி.பி.: ஐவிஐஜியும் ஸ்டீராய்டும் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன?

அம்பை அண்ணன்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். வயது 31, அம்பாசமுத்திரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். சுகர், பிரஷர் கிடையாது. சித்திரை வாக்கில் பாதம் மதமதவென்று இருக்கிறது என்றான். அப்புறம் செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடந்தான். ஆடி பிறப்பதற்குள் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை, கண்ணை மூடினால் சாய்கிறான். கையில் நடுக்கம் வேறு. ஸ்க்ரூடிரைவர் நுனி திருகாணியில் உட்கார மாட்டேன் என்கிறது.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்புக்கு கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அதில் புரதம் 310 இருந்ததாம். சி.ஐ.டி.பி. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தாக்கும் நாள்பட்ட நோயாம்) என்று எழுதி, ஐவிஐஜி (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து) 5 நாள் ஏற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பிரெட்னிசோலோன் 60 மில்லிகிராம். முகம் ஊதிவிட்டது, சுகர் 300 தாண்டிவிட்டது, கால் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறான். ‘மருந்துக்குக் கட்டுப்படாத வகை’ என்கிறார்கள். அடுத்து ரிட்டுக்ஸிமாப் என்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து போடலாம் என்கிறார் மருத்துவர். வீட்டில் ஒருவர் வேலூர் என்கிறார், ஒருவர் வர்மம் என்கிறார், மாமா ஸ்டெம் செல் விளம்பரம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளை பிசியோ:
அண்ணாச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்பதை எப்படி அளந்தார்கள்? ஐவிஐஜிக்கு முன்னும் பின்னும் கைப்பிடி வலுவைக் கருவி வைத்து எடுத்தார்களா? 10 மீட்டர் நடக்க எத்தனை நொடி என்று குறித்தார்களா? இந்த நோய்க்கென்றே ஐ-ராட்ஸ் என்று 24 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. பல் துலக்குவது, மாடி ஏறுவது, குனிந்து ஒரு பொருளை எடுப்பது என்று அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்கும். இவை இல்லாமல் ‘பரவாயில்லை’, ‘அப்படியேதான் இருக்கு’ என்று சொல்வதை வைத்து லட்ச ரூபாய் மருந்தை நிறுத்துவதும் தொடர்வதும் நடக்கிறது. இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே தரை.

இன்னொன்று, பாதம் தொங்குகிறது என்றால் ஏ.எஃப்.ஓ. கட்டை (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிப்பது) இப்போதே மாட்டுங்கள். மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கெண்டைக்கால் தசை இறுகிவிட்டால் நரம்பு திரும்பி வந்தாலும் குதிகால் தரையில் படாது.

சங்கரன்கோவில் நியூரோ:
நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது, உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தருகிறேன். மருந்து தோற்றது என்று எழுதும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, மருந்து போதிய அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டதா? இரண்டு, நோயின் பெயர் சரிதானா? ரிட்டுக்ஸிமாப் அதற்கு அப்புறம்.

தம்பி எடை என்ன? ஐவிஐஜி மொத்தம் எத்தனை கிராம்? டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்.

அம்பை அண்ணன்:
68 கிலோ. சம்மரியில் ‘தினம் 10 கிராம், 5 நாள்’ என்று இருக்கிறது. அதற்கு மேல் வாங்க எங்களிடம் அப்போது பணம் இல்லை. அவர்களும் ‘இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்’ என்றுதான் சொன்னார்கள்.

சங்கரன்கோவில் நியூரோ:
சரி, கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் ஐவிஐஜி கிலோவுக்கு 2 கிராம், 2 முதல் 5 நாளுக்குள் பிரித்துக் கொடுப்பது வழக்கம். 68 கிலோவுக்கு 136 கிராம். உங்களுக்கு ஏறியது 50. அதுவும் ஒரே சுற்று. பலருக்கு முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. அதனால் கிலோவுக்கு 1 கிராம் வீதம் 3 வாரத்துக்கு ஒருமுறை இன்னும் சில தடவை கொடுத்துப் பார்த்த பிறகே ‘கேட்கவில்லை’ என்று எழுதுவார்கள். எனவே ஐவிஐஜி தோற்றது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. அதற்கு முழுப் பரீட்சையே வைக்கப்படவில்லை.

ஆனாலும், போய் இன்னொரு 136 கிராம் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் உறுத்துவது வேறு. இளம் வயது, சில மாதத்துக்குள் இறக்கம், தொடையை விடப் பாதத்தில் பலவீனம், நிற்கும்போது தள்ளாட்டம், கை நடுக்கம், தண்டுநீரில் மிக அதிகப் புரதம். இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் நியூரோஃபாசின்-155 என்ற நரம்புப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தேடியே ஆக வேண்டும். கான்டாக்டின்-1, காஸ்பர்-1 என்று அதன் கூட்டாளிகளும் உண்டு. 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இவற்றை சி.ஐ.டி.பி.யிலிருந்து பிரித்து, ‘நோடோபதி’ என்று தனிப் பெயரில் வைத்துவிட்டது.

தம்பி மெக்கானிக் என்பதால் அவர் பாஷையிலேயே சொல்கிறேன். வழக்கமான சி.ஐ.டி.பி.யில் ஒயரின் மேலுறை உரிந்து போகிறது. இதில் உறை உரிவதில்லை, உறையைக் கம்பியோடு பிடித்திருக்கும் கிளிப் கழன்றுவிடுகிறது. கரண்ட் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கிளிப்பைக் கழற்றும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஜி-4 என்ற வகை. ஐவிஐஜி எந்தப் பாதைகளை அடைத்து நன்மை செய்கிறதோ, அந்தப் பாதைகளை ஐஜிஜி-4 பெரிதாகப் பயன்படுத்துவதே இல்லை. அதனால் முழு அளவில் கொடுத்தாலும் இவர்களில் பலருக்கு ஐவிஐஜி கேட்காது. ரிட்டுக்ஸிமாப் நன்றாகக் கேட்பதும் இவர்களுக்குத்தான். ஆக உங்கள் மருத்துவர் சொன்ன மருந்து சரியாகவே இருக்கலாம். எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போடுவது நல்லது.

வள்ளியூர் டீச்சர்:
தம்பி சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் கணவருக்கு ஒரு டாக்டர் அளவு போதாது என்றார், இன்னொருவர் டெஸ்ட் எடுத்துவிட்டு வாருங்கள் என்றார், மூன்றாமவர் பழைய ரிப்போர்ட் செல்லாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வெளியூர் போய் வர வாரக்கணக்கு. அதற்குள் உள்ளங்கைச் சதை கரைந்துவிட்டது. இப்போது நோய் அடங்கி இருக்கிறது, கை திரும்பவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பெயர் முக்கியம், எங்களுக்கு நாள் முக்கியம். மருத்துவரே ரிட்டுக்ஸிமாப் சொல்லும்போது போட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் என்ன?

சங்கரன்கோவில் நியூரோ:
அக்கா, நாள் முக்கியம் என்பதில் பாதிக்கு மேல் நீங்கள் சொல்வது சரி. உறை சில வாரங்களில், சில மாதங்களில் மறுபடி வளரும். உள்ளே இருக்கும் இழையே அறுந்துவிட்டால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். உங்கள் கணவருக்கு மருந்து வேலை செய்திருக்கலாம், தாக்குதல் நின்றிருக்கலாம், இழந்த இழைகள் மட்டும் திரும்பாமல் இருக்கலாம். அதையும் ‘மருந்து தோற்றது’ என்று எண்ணி மேலும் மேலும் கடுமையான மருந்துக்குப் போகிறவர்கள் உண்டு.

ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாமே. ரத்தம் எடுத்துக் குளிரில் வைக்க ஒரு காலை போதும். எடுத்த பிறகு ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, ப்ளாஸ்மா மாற்று சிகிச்சை செய்யலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சுமார் 5 முறை. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளையே வடித்து எடுத்துவிடுவதால் எந்த வகையாக இருந்தாலும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ரிட்டுக்ஸிமாப் வேலை காட்ட மாதங்கள் ஆகும், அதுவரை இது பாலம். மருந்தை ஏற்றிய பிறகு ப்ளாஸ்மா மாற்றினால் மருந்தும் வெளியே போய்விடும் என்பதால் வரிசை மாறக் கூடாது.

வள்ளியூர் டீச்சர்:
இப்படி யாரும் எங்களுக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. ரத்தத்தை எடுத்துவிட்டு சிகிச்சையைத் தொடங்கு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தென்காசிச் சாரல்:
நோயின் பெயர் சரியா என்ற பேச்சு வந்ததால் என் அப்பா கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சி.ஐ.டி.பி. என்றுதான் நீண்ட நாள் வைத்தியம். ஐவிஐஜி, ஸ்டீராய்டு, அசத்தியோப்ரின் எதுவும் கேட்கவில்லை. கூடவே கால் வீக்கம், தோல் கறுப்பு, உடம்பில் புதிதாக முடி. ரத்தத்தில் தட்டணு எப்போதும் 5 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் தனித்தனி டாக்டர் தனித்தனியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் இம்யூனோஃபிக்சேஷன் என்ற சோதனை எடுத்து, லாம்டா வகைப் புரதம் கொஞ்சமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தின் அளவும் மிக அதிகம். போயம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்லின் கோளாறு அது, நரம்பில் தெரிகிறது. லெனாலிடோமைடும் டெக்ஸாமெத்தசோனும் ஆரம்பித்த பிறகு மெதுவாக எழுந்து நடந்தார். எலெக்ட்ரோஃபோரசிஸ் என்ற சாதாரணப் புரதச் சோதனையில் அந்த லாம்டா புரதம் தெரியவில்லை. அதனால் இம்யூனோஃபிக்சேஷன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

சங்கரன்கோவில் நியூரோ:
அருமையாகச் சொன்னீர்கள். இதோடு நம் பக்கத்தில் தொழுநோயையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா, முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போல் தடித்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதற்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் மறைந்திருந்து வளரும். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலிருந்தே பாத வளைவும் மெல்லிய கணுக்காலும் உண்டா என்றும் கேளுங்கள். பரம்பரை நரம்பு நோய்க்கு இந்த மருந்து எதுவுமே கேட்காது.

கொக்கிரகுளத்தான்:
இவ்வளவு ஊசி, மருந்து எதற்கு? நம் பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாதத்துக்கு அங்கே எண்ணெய், தொக்கணம் (உடம்பு பிடித்துவிடுவது) எல்லாம் உண்டு. என் அத்தைக்குப் பக்கவாதத்தில் கை தூக்க முடிந்தது. ஒரு மண்டலம் போய்ப் பார்க்கட்டுமே.

பாளை பிசியோ:
அங்கே போவதை நான் குறை சொல்ல மாட்டேன். இறுகிய தசைக்கு எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவது இதமாகத்தான் இருக்கும். ஆனால் உணர்ச்சி இல்லாத காலில் சூடான ஒத்தடம் வைத்தால் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகே தெரியும். அதைச் சிகிச்சை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கவாதம் மூளையில் வருவது, இது நரம்பில் வருவது. அத்தை உதாரணம் இங்கே பொருந்தாது.

சங்கரன்கோவில் நியூரோ:
கூடவே இரண்டு எச்சரிக்கை. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இவ்வளவு நாள் எடுத்த பிறகு உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இரண்டாவது, யார் கொடுத்தாலும், பாஷாணமோ ஈயமோ சேர்ந்த பற்பம், செந்தூரம் இந்த நேரத்தில் வேண்டாம். வெள்ளைப் பாஷாணத்தில் இருக்கும் ஆர்சனிக் தானே நரம்பைக் கெடுத்து, சோதனையில் சி.ஐ.டி.பி. போலவே காட்டும். முன்பு எதுவும் சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மானூர் மைனி:
கொழுந்தனுக்கு ஸ்டெம் செல் விளம்பரம் வந்தது என்றீர்களே, அந்தச் சவத்தைத் தூக்கித் தூரப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் நிலத்தை விற்றுக் கட்டினார். ஊசி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. இடம் பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

சங்கரன்கோவில் நியூரோ:
மைனி சொல்வதோடு ஒரு விளக்கம். ரத்த ஸ்டெம் செல் மாற்று என்று உண்மையான சிகிச்சை ஒன்று உண்டு. சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற கடும் மருந்தால் எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துவிட்டு, முன்பே எடுத்து வைத்த சொந்த செல்லைத் திரும்ப ஏற்றுவார்கள். எல்லா வழியும் அடைபட்ட சிலருக்கு வெளிநாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். உயிர் ஆபத்தும் உண்டு, பெரிய ரத்தவியல் பிரிவு இல்லாத இடத்தில் நடக்காது. விளம்பரத்தில் வருவது இது இல்லை. கொழுப்பிலிருந்தோ தொப்புள் கொடியிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லி முதுகில் ஊசி போடுவது. 2017இல் வந்த இந்திய தேசிய வழிகாட்டுதல்படி, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யவே கூடாது.

புது மருந்து பற்றியும் யாராவது கேட்பீர்கள். எஃப்கார்டிஜிமாட் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2024 ஜூனில் சி.ஐ.டி.பி.க்கு அனுமதி கொடுத்தது. உடம்பு தன் ஐஜிஜியை மறுசுழற்சி செய்யும் பாதையை அது அடைக்கிறது, அதனால் கெட்ட எதிர்ப்பொருளும் குறைகிறது. மருந்தால் பலன் கண்டவர்களை மட்டும் பிரித்து நடத்திய ஆய்வில், நோய் திரும்பும் வாய்ப்பு 61 சதவீதம் குறைந்தது. வாரா வாரம் போட வேண்டியது, அங்குள்ள விலை நம் கைக்கு எட்டாது. ரிட்டுக்ஸிமாப் அப்படியில்லை. 2007லேயே இந்தியாவில் ஒத்த மருந்து தயாராகிவிட்டது, ஐவிஐஜியின் ஒரு முழுச் சுற்றோடு ஒப்பிட்டால் சுமை குறைவு.

தென்காசிச் சாரல்:
பணம் என்று வந்ததால் சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எந்த மருந்து எந்த நோய்க்குப் பட்டியலில் இருக்கிறது என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். டாக்டரிடம் கேட்டால் அவர்களுக்கே பல நேரம் தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடும் தூரம்தான், வேலூரை விடப் பக்கம். மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கும் போட்டு வையுங்கள். 2016 சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் கோளாறும் ஒரு பிரிவு. 40 சதவீதம் இருந்தால் சலுகைகள் கிடைக்கும். மருத்துவக் குழு முன்னால் போகும்போது பழைய எல்லாச் சீட்டையும் கொண்டு போங்கள்.

அம்பை அண்ணன்:
எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்து வருகிறோம். மருத்துவரிடம் கேட்டபோது கோபப்படவில்லை, ‘நானும் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன்’ என்றார். எதிர்ப்பொருள் சோதனைக்கு ரத்தம் போயிருக்கிறது, ரிப்போர்ட் வரவில்லை. இம்யூனோஃபிக்சேஷன் சுத்தம். தேமல், நரம்புத் தடிப்பு இல்லை. ப்ளாஸ்மா மாற்று ஆரம்பித்துவிட்டார்கள். பிசியோ அண்ணாச்சி சொன்ன நோட்டும் போட்டாயிற்று, 10 மீட்டர் நடக்க 31 நொடி என்பது 24க்கு வந்திருக்கிறது. தம்பிக்கே அது நம்பிக்கை கொடுக்கிறது.

புதுச் சிக்கல் ஒன்று. ரிட்டுக்ஸிமாபுக்கு முன் எடுக்கும் சோதனைகளில் மஞ்சள் காமாலை பி-யில் ‘கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. மேற்பரப்பு ஆன்டிஜன் நெகட்டிவ். எங்கள் வீட்டில் யாருக்கும் காமாலை வந்ததில்லை. மருந்து கிடையாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சங்கரன்கோவில் நியூரோ:
பயப்பட வேண்டாம். அந்த ரத்தம் ப்ளாஸ்மா மாற்று ஆரம்பிக்கும் முன் எடுத்ததுதானே? அப்படியானால் ஐவிஐஜிதான் காரணமாக இருக்கக்கூடும். ஐவிஐஜி ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிப்பது. அதில் அவர்களுடைய காமாலை பி எதிர்ப்பொருளும் வந்துவிடும், சில மாதம் தம்பி ரத்தத்தில் நிற்கும். கிருமி வராது, எதிர்ப்பொருள் மட்டும் வரும். ஐவிஐஜி ஏற்றும் முன் எடுத்த ரத்தத்தில் இந்தச் சோதனை செய்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள். இல்லையென்றால் எச்.பி.வி. டி.என்.ஏ. என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள், அது காமாலை பி வைரஸே ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை.

உண்மையிலேயே பழைய தொற்று என்று வைத்துக்கொண்டாலும் ரிட்டுக்ஸிமாப் கதவு மூடவில்லை. என்டெகாவிர் மாத்திரையை முன்பே ஆரம்பித்து, ரிட்டுக்ஸிமாபின் கடைசி டோஸுக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் தொடர்வார்கள். ரிட்டுக்ஸிமாப் தூங்கும் வைரஸை எழுப்பும் என்பதால்தான் இந்தச் சோதனையே. சந்தேகம் தீரவில்லை என்றால் மாத்திரை கொடுத்துவிட்டுத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு.

காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் ஆயிற்றா? நிமோனியா தடுப்பூசியும் முடிந்தால் ரிட்டுக்ஸிமாபுக்கு 2 முதல் 4 வாரம் முன்பே. ரிட்டுக்ஸிமாப் போட்ட பிறகு சுமார் ஆறு மாதம் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. ப்ளாஸ்மா மாற்றுக்கும் தடுப்பூசிக்கும் நடுவே எத்தனை நாள் விடுவது என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

அம்பை அண்ணன்:
எக்ஸ்ரே ஆயிற்று, தடுப்பூசி பேச்சே வரவில்லை. முதல் தடவை அட்மிஷன் போட்ட அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் காமாலை சோதனை இருந்ததாகத் தம்பி சொல்கிறான். ஃபைலை மாமா வீட்டில் வைத்திருக்கிறோம், நாளைக் காலையில் கல்லிடைக்குறிச்சி போய் எடுத்து வந்து இங்கே எழுதுகிறேன்.